புதிய தடுப்பூசி அறிமுகம்: வெப்பத்துக்குப் பயந்து உறைய வைக்காதீர்கள்

அட்டவணையில் புதிய குழந்தைத் தடுப்பூசி சேரும்போதெல்லாம் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். காலாவதி தேதி பார்ப்பது, கை கழுவுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

எவ்வளவு சில்லென்று இருந்தாலும் நல்லதுதானே?

இல்லை. பிசிவி (நிமோகாக்கல் தடுப்பூசி), பெண்டாவேலண்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி), எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி), ஹெபடைடிஸ் பி ஆகிய தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு இருக்கிறது. மருந்து உறைந்தால் அதன் துகள்கள் திரண்டு ஒட்டிக்கொள்ளும். உருகிய பிறகும் பிரியாது. வீரியம் போய்விடும், ஊசி போட்ட இடத்தில் கட்டியும் வரலாம். தடுப்பூசியை வைக்க வேண்டிய 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்பதில் 8-ஐப் பார்த்து நடுங்குபவர்கள் 2-ஐக் கண்டுகொள்வதே இல்லை.

பெரும்பாலும் இது முகாம் நாள் காலையில் நடக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை வெள்ளை உறைபனியோடு அப்படியே கேரியரில் (தடுப்பூசி எடுத்துச்செல்லும் பெட்டி) அடுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பேக் வேர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை மேசையில் காத்திருக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள், அறையின் சூட்டைப் பொறுத்து அது மாறும். உறைய வைக்காத, குளிர்ந்த தண்ணீர் பேக்குகள் இன்னும் பாதுகாப்பானவை. ஐஎல்ஆர் பெட்டியிலும் (மையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பதனப் பெட்டி) இதே கதைதான்: அடிப்பகுதிதான் கடுங்குளிர். உறையக்கூடாத குப்பிகளை மேலே கூடையில் வையுங்கள்.

எரிச்சலூட்டுவது இதன் பிறகு வரும் சமாதானம்: "விவிஎம் நன்றாகத்தானே இருக்கிறது?" விவிஎம் என்பது குப்பியில் இருக்கும், சூடு பட்டால் நிறம் மாறும் அடையாளம்; அது வெப்பத்தை மட்டுமே காட்டும். உறைந்து பாழான குப்பியிலும் அது பளிச்சென்று இருக்கும்.

சந்தேகம் வந்தால் ஷேக் டெஸ்ட் செய்யுங்கள். அதே நிறுவனம், அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே இரவு முழுக்கக் கட்டியாக உறைய வைத்து, "போடக்கூடாது" என்று எழுதி, உருக விடுங்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, சமதளத்தில் அருகருகே வையுங்கள். அரை மணி நேரம்வரை கவனியுங்கள். சந்தேகக் குப்பியில் வண்டல் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ படிந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஐபிவிக்கு (ஊசியாகப் போடும் போலியோ மருந்து) இந்தச் சோதனை பொருந்தாது. அதுவும் உறையக்கூடாதுதான், ஆனால் குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இடக்கணக்கு

சரக்கு வந்து இறங்கிய பிறகு பெட்டியில் இடம் தேடக் கூடாது. பல டோஸ் குப்பியைவிட ஒற்றை டோஸ் குப்பி ஒரு டோஸுக்கு அதிக இடம் பிடிக்கும். ஒரு டோஸின் கன அளவை அட்டைப்பெட்டியோடு சேர்த்துக் கணக்கிட்டு, வரப்போகும் டோஸ்களால் பெருக்கி, ஐஎல்ஆரில் உண்மையில் மிச்சமிருக்கும் இடத்தோடு ஒப்பிடுங்கள்.

யாருக்குப் போடுவது?

இதை எழுத்தில் தராமல் தொடங்கினால் ஒரு மையத்தில் ஆறு வாரக் குழந்தைக்கு மட்டும் போடுவார்கள், பக்கத்து மையத்தில் ஒரு வயதுக் குழந்தைக்கும் போட்டுவிடுவார்கள். முதல் மாதமே இருப்பு தீர்ந்து, இரண்டாவது டோஸுக்கு வருபவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். எந்தப் பிறந்த தேதியிலிருந்து, பழைய அட்டவணையில் பாதி முடித்த குழந்தைக்கு என்ன என்ற இரண்டு வரி போதும்.

கரைப்பான்

பொடியாக வரும் தடுப்பூசியைக் கரைக்கும் திரவம் இது. வேறு நிறுவனத்துடையதைக் கலக்காதீர்கள்.

ஒரே தொடையில் இரண்டு ஊசி

2.5 செ.மீ. இடைவெளி விடுங்கள். எது எந்தத் தொடையில் என்று எழுதி வையுங்கள்.

பதிவேடு

பழைய பதிவேட்டில் புதிய மருந்துக்குக் கட்டம் இருக்காது. அதனால் ஓரத்தில் கிறுக்கி வைப்பார்கள், மாத அறிக்கையில் அது விட்டுப்போகும். தாயிடம் இருக்கும் அட்டையிலும் கட்டம் இல்லாவிட்டால் அடுத்த மையத்தில் முதல் டோஸையே மறுபடி போடுவார்கள். அச்சிட்ட ஒட்டுத்தாள்களை மருந்து வருமுன்பே மையங்களுக்கு அனுப்பிவிடுங்கள்.