ஆர்எக்ஸ் 100: கேஸ்கெட் தடித்ததால் வந்த நாக்கிங்

போர்ட் வேலை (சிலிண்டரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளைத் திருத்துவது) முடித்த என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், மூன்றாம் கியரில் ஏற்றம் ஏறினாலே 'டிங் டிங்' என்று தட்டியது. கம்ப்ரஷன் (பெட்ரோல்-காற்றுக் கலவை நசுங்கும் அளவு) அதிகம் என்று நினைத்து, ஹெட் கேஸ்கெட்டை, அதாவது சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள தகட்டை, இரட்டையாகப் போட்டேன். தட்டல் கூடியதுதான் மிச்சம்.

சரி, அளந்தே பார்ப்போம் என்று 2 மி.மீ. ஈயக்கம்பியைப் பிஸ்டன் தலையில், பிஸ்டன் பின் (பிஸ்டனைக் குறுக்கே தாங்கும் தண்டு) ஓடும் திசையில் இரு பக்கமும் கிரீஸ் வைத்து ஒட்டினேன். குறுக்கே வைத்தால் பிஸ்டன் ஆடி, அளவு பொய்யாகிவிடும். ஹெட்டை முடுக்கி, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, பிஸ்டனை உச்சி தாண்டவிட்டேன். நசுங்கிய முனை 1.6 மி.மீ. இருந்தது. பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் அவ்வளவு இடைவெளி இருந்தால் ஓரத்துக் கலவை நடுவுக்குத் தள்ளப்படாது. அங்கேயே சூடேறித் தானாக வெடிக்கும்.

ஒரு கேஸ்கெட்டைக் கழற்றினேன். இடைவெளி 1.0 ஆனது. ஆனால் சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ. என்பதால் 0.6 மி.மீ. குறைந்தால் எரியறையில் கிட்டத்தட்ட 1.2 சிசி இடம் போய், கம்ப்ரஷன் ஏறிவிடும். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகச் சிரிஞ்சில் எண்ணெய் விட்டு, மரையில் நின்றதைக் கழித்தேன்: எரியறை 11 சிசி. 98 சிசி வண்டிக்குக் கம்ப்ரஷன் விகிதம் (98+11)/11, ஏறக்குறைய 9.9. (கம்பெனிக் கணக்கு எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகுதான் தொடங்கும், அதனால் அந்த எண் சிறியது.)

அதைக் குறைக்க, லேத் பட்டறையில் ஹெட்டின் ஓரப் பட்டையைத் தொடாமல், நடுக்குழியை மட்டும் 1 சிசி குடையச் சொன்னேன். பட்டறை அண்ணன் "கம்ப்ரஷனைக் குறைக்கவா காசு கொடுக்கறீங்க?" என்று சிரித்தார். விகிதம் 9.2.

அதே ஏற்றம், அதே கியர், சத்தமே இல்லை. பிளக்கும், கலவை சரியாக எரிவதன் அடையாளமாக, காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது.