சமநிலை மாறிலி: ஒரு வினையைக் கொண்டு கணக்கிட்டுப் பழகுதல்

சமநிலை என்றதும் இரு பக்கமும் பொருள்கள் சம அளவில் இருக்கும் என்று எண்ணிவிடுவதே இப்பாடத்தைத் தொடங்குவோரில் பலர் செய்யும் பிழை. அங்கே சமமாவது பொருள்களின் அளவு அன்று; முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் நிகழும் வேகம். ஹைட்ரஜனும் அயோடின் ஆவியும் கூடி ஹைட்ரஜன் அயோடைடாகும் வினையை எடுத்துக்கொள்வோம்.

முதலில் சமன் செய்யப்பட்ட சமன்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள்.

ஹைட்ரஜன் + அயோடின் ⇌ 2 ஹைட்ரஜன் அயோடைடு

அடுத்து, சமநிலை மாறிலியான 'கே'யைப் பெற, வினைவிளைபொருளின் செறிவை மேலேயும் வினைபடுபொருள்களின் செறிவுகளைப் பெருக்கிக் கீழேயும் எழுதி, சமன்பாட்டில் உள்ள எண்களை அடுக்குகளாக இடவேண்டும். நார்வே நாட்டின் குல்ட்பர்க், வாகே இருவரும் 1864இல் முன்வைத்த, வினையின் போக்கைப் பொருள்களின் செறிவோடு இணைக்கும் நிறைதாக்க விதியிலிருந்து வளர்ந்த முறை இது.

கே = [ஹைட்ரஜன் அயோடைடு]² ÷ ([ஹைட்ரஜன்] × [அயோடின்])

சதுர அடைப்புகள் செறிவை, அதாவது லிட்டருக்கு எத்தனை மோல் (துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு பொருளை அளக்கும் அலகு) என்பதைக் குறிக்கின்றன. இங்கு இடவேண்டியவை சமநிலையை அடைந்த பின் உள்ள செறிவுகளே. தொடக்கச் செறிவுகளை இட்டு விடை தவறவிடுவோர் ஏராளம்.

இனிக் கணக்கு. 448 டிகிரி செல்சியசில் இவ்வினையின் மாறிலி ஏறத்தாழ 50. ஒரு லிட்டர் மூடிய கலனில் ஹைட்ரஜன் 1 மோலும் அயோடின் 1 மோலும் இடுவதாகவும், ஒவ்வொன்றிலும் 'அ' மோல் வினைபுரிவதாகவும் கொண்டால், அவை தலா (1 − அ) மோல் எஞ்சி, ஹைட்ரஜன் அயோடைடு 2அ மோல் உருவாகும்.

(2அ)² ÷ (1 − அ)² = 50

இருபுறமும் வர்க்கமூலம் எடுத்தால் 2அ ÷ (1 − அ) = 7.07 என்றாகி, 'அ'வின் மதிப்பு 0.78 எனக் கிடைக்கிறது. ஆகவே, ஹைட்ரஜன் அயோடைடு 1.56 மோல் இருக்க, மற்ற இரண்டும் தலா 0.22 மோல்தான் மிஞ்சுகின்றன. சமநிலை வந்துவிட்டது, அளவுகளோ சமமாக இல்லை.

சமன்பாட்டைத் திருப்பி எழுதினால் மாறிலியும் தலைகீழாகி 1 ÷ 50, அதாவது 0.02 ஆகும். எனவே, மாறிலியைச் சொல்லும்போது சமன்பாட்டையும் வெப்பநிலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கலவை எப்பக்கம் நகரும் என்பதையும் இதே கோவையைக் கொண்டு அறியலாம். அதே கலனில் ஹைட்ரஜன் 1, அயோடின் 1, ஹைட்ரஜன் அயோடைடு 4 மோல் இருந்தால் கிடைக்கும் மதிப்பு 16. வினைகுணகம் எனப்படும் இம்மதிப்பு 50ஐ விடக் குறைவு என்பதால், வினை முன்னோக்கியே செல்லும்.

செறிவையோ அழுத்தத்தையோ மாற்றினாலும், வினையூக்கியைச் சேர்த்தாலும் மாறிலி மாறாது. வெப்பநிலை மாறினால் மட்டுமே மாறும். இது வெப்பம் உமிழும் வினை ஆதலால், வெப்பநிலை குறையக் குறைய மாறிலி பெரிதாகும். ஆனால், மாறிலி வேகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை: அறை வெப்பநிலையில் அதன் மதிப்பு 50ஐ விட மிகப் பெரியது, ஆயினும் அங்கே ஹைட்ரஜனும் அயோடினும் கலந்திருந்தாலும் வினை நிகழ்வதே தெரியாத அளவுக்கு மந்தமாக இருக்கும்.