ஸ்பானிஷ் இறந்தகாலமும் நம் குறில் நெடிலும்

மொரீஷியசின் ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் நான் இருந்தபோது, ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு தம்பதி டாக்சிக்குப் பணம் எடுத்தார்கள். ஏஜென்சி போன மாதமே கட்டிவிட்டது என்று சொல்ல நினைத்து, "யா பாகொ" என்றேன். அந்த அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "இதோ நான் கட்டுகிறேன்" என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் சொல்லியிருக்க வேண்டியது "பகோ". கடைசி எழுத்தில் அழுத்தம் விழுந்தால் "கட்டினார்". முதல் எழுத்தில் விழுந்தால் "கட்டுகிறேன்".

அன்றிலிருந்து ஸ்பானிஷ் வினைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதிப் படிக்கிறேன். அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே நெடில், மற்ற இடத்தில் குறில். இந்த வசதி நம் எழுத்தில் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

மொரீஷியசில் நாம் எதையும் நம் பேச்சுமொழியான கிரியோல் வழியாகவே யோசிக்கிறோம். மோ தி கோஸே (நான் பேசினேன்), தோ தி கோஸே (நீ பேசினாய்), லி தி கோஸே (அவர் பேசினார்): யார் பேசினாலும் வினை மாறாது. அதனால் காது வினையின் கடைசியைக் கவனிப்பதே இல்லை. தமிழில் "பேசினேன்" என்றாலே போதும், "நான்" வேண்டாம். ஸ்பானிஷும் அப்படித்தான். ஆகவே தமிழிலிருந்து தொடங்குங்கள்.

அப்லார் என்றால் பேசுதல். கடைசி "ஆர்" போகட்டும். அப்லே, பேசினேன். அப்லாஸ்தெ, பேசினாய். அப்லோ, பேசினார். அப்லாமொஸ், பேசினோம். அப்லாரொன், பேசினார்கள். ஸ்பெயினில் நண்பர்கள் பலரைப் பார்த்துச் சொல்ல அப்லாஸ்தெய்ஸ் என்று ஒன்று உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அது புழக்கத்தில் இல்லை. மரியாதையாக ஒருவரிடம் பேசும்போது "அவர்" வடிவமே வரும், இருவரிடம் என்றால் "அவர்கள்" வடிவம். காலையில் விருந்தினரிடம் "நேற்று நன்றாகச் சாப்பிட்டீர்களா?" என்று கேட்க: "அயேர் கொமியேரொன் பியேன்?"

அடுத்து, ஏர், ஈர் என்று முடியும் வினைகள். இரண்டுக்கும் ஒரே விகுதிகள் என்பது பெரிய நிம்மதி. கொமேர், சாப்பிடுதல்: கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமியேரொன். பிவீர், வாழ்தல்: பிவீ, பிவீஸ்தெ, பிவியோ, அப்படியே மற்றவையும்.

ஒரு இடத்தில் மட்டும் குறில் நெடில் உதவாது. அப்லாமொஸ் என்பது "பேசுகிறோம்", "பேசினோம்" இரண்டுக்கும் பொது, பிவீமொசும் அப்படியே. "அயேர்", அதாவது நேற்று, என்று முன்னால் சேர்த்துவிடுங்கள். ஏர் வினையில் இந்தச் சிக்கல் இல்லை: கொமேமொஸ் நிகழ்காலம், கொமீமொஸ் இறந்தகாலம்.

அப்புறம், ஸ்பானிஷ் எழுத்தில் எழுதும்போது "பகே" (கட்டினேன்) போன்றவற்றில் ஜி எழுத்துக்குப் பின் ஒரு யூ சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் "க" ஒலி கெட்டு "ஹ" ஆகிவிடும். இது "நான்" வடிவத்துக்கு மட்டும்தான்.

பயிற்சிக்கு நான் செய்தது, வேலை முடிந்து கத்ர் போர்ன் போகும் பஸ்ஸில் முந்தின நாளைப் பற்றி மூன்றே வரி எழுதுவது. பக்கத்து சீட்டில் ஆள் இருந்தாலும் வாய்விட்டு, நெடிலை நன்றாக இழுத்துப் படிப்பேன்:

அயேர் அப்லே கொன் மி மாத்ரெ. கொமீமொஸ் என் காஸ. மி பாத்ரெ பகோ எல் பான்.

அம்மாவிடம் பேசினேன், வீட்டில் சாப்பிட்டோம், ரொட்டிக்கு அப்பா காசு கொடுத்தார்.