க்ரோனோகிராஃப் வாங்கும் முன் செகண்ட் ஹேண்ட் விலையைப் பாருங்கள்

விலையுயர்ந்த க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள) வாட்ச் வாங்குவதாக இருந்தால், அதே மாடல் எண் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை அல்ல, விற்றுமுடிந்த விலை. புது விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் கடை வாசலைத் தாண்டியதும் நீங்கள் இழக்கப்போகும் பணம்.

ரோலெக்ஸ் டேடோனாவின் ஸ்டீல் மாடல் பல வருடங்களாகப் புது விலைக்கு மேலேயே போகிறது. கேட்பவர்கள் அதிகம், கிடைப்பது குறைவு. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 1969-இல் நிலவுக்கே போனதுதான், ஆனாலும் கடையில் எளிதாகக் கிடைப்பதால் பழையது பெரும்பாலும் விலை குறைவு. அதைப் பழையதாகவே வாங்கினால் முதல் விலை இறக்கம் முந்தைய உரிமையாளர் தலையில்!

பெட்டி, வாரன்ட்டி கார்டு இல்லாதது, டயல் மாற்றியது, பாலிஷ் போட்டு விளிம்பு மழுங்கியது, இவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.