ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசஸரை ஓவர்கிளாக் செய்வது, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது எப்படி? செய்தால் என்ன கிடைக்கும்?

1998-இல் வந்த இன்டெல் செலிரான் 300ஏ சில்லுக்கு, மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே போதும். 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். இன்றைய பிராசஸர்களில் அவ்வளவு மிச்சம் கிடையாது. சூடும் மின்சாரமும் இடம்கொடுக்கும் வரை பிராசஸரே தன் வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. ரைசன் 5 7600-இன் பூஸ்ட் வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ். அதன்மேல் பயாஸ் (விண்டோஸ் வரும் முன்பே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) நம்மைக் கூட்டவிடுவது 200 மெகாஹெர்ட்ஸ்தான், அதாவது ஏறக்குறைய 4 சதவீதம். ஒரு மணி நேரம் ஓடும் வேலை முழுக்க முழுக்க இந்த வேகத்தையே நம்பியிருந்தால்கூட, இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மிச்சமாகும்.

அதனால் பயாஸைத் திறப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக விளையாடும் கேமில் ஒரே இடத்தில் நின்று எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை மட்டும் 1440-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் இதுவரை இழுத்துப்பிடித்தது கிராபிக்ஸ் கார்டு. பிராசஸரை என்ன செய்தாலும் பழைய ரெசல்யூஷனில் பெரிய மாற்றம் தெரியாது. ஏறவே இல்லையென்றால் பிராசஸரோ ரேமோதான் தடை. அப்போது கீழே உள்ள வேலைக்குப் பலன் உண்டு. வீடியோ என்கோடிங், பிளெண்டர் ரெண்டர், பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்வது போன்ற வேலைகளிலும் பலன் தெரியும். வேர்டும் பிரவுசரும் மட்டும்தான் என்றால் தெரியாது.

தேவையானவை

பி650, எக்ஸ்670 போன்ற, ஓவர்கிளாக்கிங்கை அனுமதிக்கும் சிப்செட் உள்ள மதர்போர்டு வேண்டும். ஏ620-இல் பிராசஸர் ஓவர்கிளாக்கிங்கை ஏஎம்டி அனுமதிக்கவில்லை. பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் கம்பெனி அளவான 88 வாட்டுக்கே திணறும். 120 மில்லிமீட்டர் ஃபேன் கொண்ட ஒரு டவர் கூலர் வாங்கிவிடுங்கள். மென்பொருளில் எச்டபிள்யூஇன்ஃபோ64 (வேகமும் வெப்பமும் காட்டுவது), சினிபெஞ்ச் ஆர்23 (பிராசஸர் வேகச் சோதனை), கோர்சைக்ளர் (கோர் கோராகச் சோதிப்பது), மெம்டெஸ்ட்86 (ரேம் சோதனை) ஆகிய நான்கு போதும். நான்குமே இலவசமாகக் கிடைக்கும்.

ஓவர்கிளாக் செய்ததால் வரும் சேதத்துக்கு ஏஎம்டியின் உத்தரவாதம் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

படி 1: இப்போதைய நிலையை எழுதி வைக்கவும்

சினிபெஞ்சின் 10 நிமிடச் சோதனையை ஓட்டி, மதிப்பெண், உச்ச வெப்பம், வாட், எச்டபிள்யூஇன்ஃபோவில் தெரியும் 'எஃபெக்டிவ் கிளாக்' ஆகியவற்றைத் தாளில் குறியுங்கள். சாதாரண 'கோர் கிளாக்' எண்ணை நம்பாதீர்கள். வோல்டேஜ் போதாதபோது பிராசஸர் தன் துடிப்பை உள்ளுக்குள் நீட்டிக்கொள்ளும். திரையில் 5.3 என்று காட்டும், உண்மையில் 5.0-தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வித்தியாசம் எஃபெக்டிவ் கிளாக்கில் மட்டுமே தெரியும்.

படி 2: பயாஸ் அப்டேட், பிறகு ரேம்

பயாஸை அப்டேட் செய்யும் முன் விண்டோஸின் பிட்லாக்கர் ரெகவரி கீயை வேறெங்காவது எழுதி வையுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு அதைக் கேட்கலாம்; கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளதைத் திறக்க முடியாது.

அடுத்து, பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் அட்டையில் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். டிடிஆர்5-6000 என்று எழுதி விற்கும் ரேம்கூட, எக்ஸ்போ போடாதவரை 4800 போன்ற வேகத்திலேயே ஓடும். பிராசஸர் தடையாக இருக்கும் கேம்களில் இந்த ஒரு மாற்றம், 200 மெகாஹெர்ட்ஸைவிடப் பெரும்பாலும் அதிகம் தரும். சேவ் செய்து ரீஸ்டார்ட் ஆனதும் திரை இருண்டே இருக்கும், போர்டில் 'டிராம்' (DRAM) என்று குறித்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பயந்துபோய் பவரை அணைத்துவிடாதீர்கள். ரேமை அது பழக்கிக்கொண்டிருக்கிறது. சில நிமிடங்கள் பிடிக்கும்.

விண்டோஸ் வந்ததும் எச்டபிள்யூஇன்ஃபோவில் எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போவது) பாருங்கள். 1.30 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 2023 ஏப்ரலில் சில எக்ஸ்3டி பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகிய பிறகு ஏஎம்டி வைத்த உச்சவரம்பு இது. பழைய பயாஸில் அந்தக் காவல் இல்லை. கடைசியாக மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவிலிருந்து 4 சுற்று ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் ரேம் வேகத்தை ஒரு படி குறையுங்கள். ரேமில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பிராசஸரைத் தொட்டால், பிறகு எது ஹேங் ஆக்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

படி 3: மின் எல்லைகள்

பயாஸில் 'அட்வான்ஸ்டு', 'ஏஎம்டி ஓவர்கிளாக்கிங்', 'பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்' என்று உள்ளே போய் 'அட்வான்ஸ்டு' என வையுங்கள். எல்லைகளை 'மேனுவல்' ஆக்கி, பிபிடி (மொத்த மின்செலவின் எல்லை) 115 வாட், டிடிசி (நீடித்த மின்னோட்டத்தின் எல்லை) 100 ஆம்பியர், இடிசி (நொடிநேர உச்ச மின்னோட்டத்தின் எல்லை) 150 ஆம்பியர் கொடுங்கள். இதே சாக்கெட்டில் உட்காரும் 7600எக்ஸுக்கு ஏஎம்டியே 142, 110, 170 கொடுக்கிறது. நாம் அதற்குள்தான் இருக்கிறோம். வெப்ப எல்லையை 85 டிகிரியாக வையுங்கள்.

சில போர்டுகள் இந்த எண்களை மில்லிவாட்டிலும் மில்லிஆம்பியரிலும் கேட்கும். அங்கே 115 வாட் என்பது 115000. வெறும் 115 என்று அடித்தால் கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் நகரும். கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் அலகைப் பார்த்துவிட்டு எண்ணை இடுங்கள்.

படி 4: கர்வ் ஆப்டிமைசர்

உண்மையான லாபம் இங்கேதான். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கி, வேகத்தை 4 சதவீதம் கூட்டினால் மின்செலவு 21 சதவீதம் கூடுகிறது. வோல்டேஜைக் குறைத்தால் அதே வாட்டுக்குள் வேகத்துக்கு இடம் பிறக்கும். கர்வ் ஆப்டிமைசர் செய்வது அதைத்தான்: ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைகிறது.

'ஆல் கோர்ஸ்', 'நெகட்டிவ்', 10 என்று தொடங்குங்கள். சினிபெஞ்ச் தாங்கினால் 15, பிறகு 20. அதற்குப் பிறகுதான் 'பூஸ்ட் கிளாக் ஓவர்ரைட்' பகுதியில் பாசிட்டிவ் 100, தாங்கினால் 200. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

'மல்டிப்ளையர்' எண்ணைக் கையால் பூட்டும் பழைய முறைக்குப் போகாதீர்கள். எல்லா கோரையும் 4.9-இல் பூட்டினால், ஒற்றைக் கோர் வேலைக்குக் கிடைத்துவந்த 5.1 போய்விடும்.

படி 5: கோர் கோராகச் சோதனை

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. சினிபெஞ்ச் அரை மணி நேரம் தாங்கும். யூடியூப் பார்க்கும்போது கம்ப்யூட்டர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். காரணம் எளிது. ஆறு கோரும் உழைக்கும்போது வேகம் கொஞ்சம் இறங்கியிருக்கும். லேசான வேலையில்தான் ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். அந்த உச்சத்தில்தான் நாம் குறைத்த வோல்டேஜ் பற்றாமல் போகிறது.

கோர்சைக்ளர் ஒவ்வொரு கோரையும் தனியே உச்சத்துக்கு ஏற்றிச் சோதிக்கும். அமைப்புக் கோப்பில் பிரைம்95, எஸ்எஸ்இ, கோருக்கு 6 நிமிடம் என வைத்தால் ஒரு சுற்று 36 நிமிடம். இரவு முழுக்க ஓடவிடுங்கள். எந்தக் கோரில் பிழை என்று அதுவே எழுதிவைக்கும். 'பெர் கோர்' முறைக்கு மாறி, அந்தக் கோரை மட்டும் 20-இலிருந்து 15-க்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டுங்கள். பொதுவாகச் சில்லின் சிறந்த கோர்களே முதலில் விழும். அவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே வோல்டேஜ் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறார்கள், அதற்கும் கீழே போக இடமில்லை.

ரீஸ்டார்ட் ஆகி ஒன்றும் புரியாமல் நின்றால், விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'வியா-லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் 18-ஆம் எண் பிழை இருக்கிறதா பாருங்கள். அதில் 'ஏபிஐசி ஐடி' என்று ஓர் எண் இருக்கும். கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் அதை 2-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிடுங்கள். 7 இருந்தால் 3-ஆம் கோர்; எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குகிறது.

பயாஸுக்குக்கூட வரவில்லையா? பவர் ஒயரைக் கழற்றி, போர்டில் 'கிளியர் சிமாஸ்' என்று குறித்த இரண்டு ஊசிகளை ஸ்குரூடிரைவர் முனையால் 10 நொடி தொட்டுப் பிடியுங்கள். எல்லா அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்பும். பயாஸ் பக்கங்களைப் படி 3-க்கு முன்பே போனில் படம் எடுத்து வைத்தால் இப்போது கைகொடுக்கும்.

குளிர்ந்த இரவில் தேறிய அமைப்பு, அக்னி நட்சத்திரத்து மதியத்தில் விழக்கூடும். ஏசி இல்லாத அறையென்றால், மே மாதத்தில் படி 5-ஐ இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள்.

தொடக்கச் சோதனையில் கிராபிக்ஸ் கார்டுதான் தடை என்று தெரிந்தவர்களும் கர்வ் ஆப்டிமைசரை விட வேண்டாம். பிபிடியை 88 வாட்டிலேயே விட்டு, பூஸ்ட் ஓவர்ரைடைத் தொடாமல், நெகட்டிவ் 15 மட்டும் போட்டு படி 5-ஐ முடியுங்கள். லேசான வேலைகளிலும் கேம்களிலும் சூடு இறங்கும், ஃபேன் இரைச்சல் குறையும். ஆறு கோரும் உழைக்கும்போது அதே வாட்டில் கொஞ்சம் வேகமும் சேர்ந்து கிடைக்கும்.