எழுத்துப் பிழை ஓயாத குழந்தைக்கு: கட்டம், புளியங்கொட்டை, மூன்று அட்டை

‘பட்டம்’ என்று சொன்னால் ‘படம்’ என்று எழுதும் குழந்தையை இம்போசிஷன் எழுத வைத்தால் பழக்கம் கைக்கு வரும், காதுக்கு வராது. அடுத்த வாரம் ‘வட்டம்’ சொன்னால் மறுபடி ‘வடம்’தான்.

முதலில் தெரிந்த சொற்கள் 20 எடுத்து டிக்டேஷன் கொடுங்கள். சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம். தவறுகளைத் தனித்தாளில் பிரியுங்கள்: புள்ளி எழுத்து விட்டது, குறில் நெடில் மாறியது, கொம்பும் காலும் குழம்பியது, ண-ந-ன, ர-ற, ல-ள-ழ. எது அதிகமோ அதை மட்டும் இரண்டு வாரம். ல-ள-ழ எப்போதும் கடைசியில்தான்.

புள்ளி எழுத்து விட்டுப்போனால்

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நான்கு கட்டம் போடுங்கள். குழந்தை கையில் நான்கு புளியங்கொட்டை. ‘பட்டம்’ என்று நீங்கள் இழுத்துச் சொல்ல, ஓர் எழுத்துக்கு ஒரு கொட்டையாக நகர்த்தட்டும்: ப, ட், ட, ம். பெரும்பாலும் மூன்று கொட்டைதான் நகரும். ‘ட்’ தனியாகக் காதில் விழாது. நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒரு கணம் நிற்பதுதான் அது. ‘பட்…’ என்று பாதியில் நிறுத்தச் சொல்லி, நாக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பிடிபட்டதும் கொட்டையை எடுத்துவிட்டுக் கட்டத்தில் எழுத்து. எடு-எட்டு, படு-பட்டு, கடை-கட்டை என்று ஜோடியாகக் கொடுங்கள். ஒற்றை ‘ட’ மெத்தென்றும் ‘ட்ட’ அழுத்தமாகவும் ஒலிப்பதைக் குழந்தையே சொல்லிவிடும். நாளுக்கு ஐந்து சொல், 15 நிமிடம் போதும்.

கொம்பு

‘கெ’ என்னும்போது காதில் முதலில் விழுவது க். கை முதலில் போட வேண்டியது கொம்பு. சிக்கலே அதுதான். க, கொம்பு, கால் என்று மூன்று அட்டை வெட்டுங்கள். நடுவில் க வைத்து, இடப்பக்கம் கொம்பு வைத்தால் கெ. வலப்பக்கம் காலும் சேர்ந்தால் கொ. ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக மாற்றினால் கோ. ஔகார வரிசையை இப்போது தொடாதீர்கள். அந்தக் குறியை ‘ள’ என்று படித்துக் குழம்பும், சொற்களும் சொற்பம்.

ண, ந, ன

டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயரிலேயே விடை இருக்கிறது. ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன்: வண்டு, பந்து, கன்று. சொல்லின் முதலில் வருவது ‘ந’ மட்டும். ‘முயற்ச்சி’ என்று எழுதினால், ற் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து வராது என்று சொன்னால் போதும்.

பேச்சு வழக்கு

‘எல’, ‘கொட’, ‘ஒடம்பு’ என்று எழுதினால் திட்டாதீர்கள். பேசுகிறபடி சரியாகக் கேட்டு எழுதியிருக்கிறது! நோட்டை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் ‘பேசுவது’, மறுபக்கம் ‘எழுதுவது’ என்று இலை, குடை, உடம்பு எழுதிவரச் செய்யுங்கள்.

மூன்று மாதமாகியும் நகரவில்லை என்றால் கண், காது பரிசோதனை. அதன் பிறகு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) மதிப்பீடு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது.

வார இறுதியில் அதே 20 சொற்கள். சொல்லுக்கு மார்க் போடாமல் எழுத்துக்குப் போடுங்கள்: ‘பட்டம’ என்றால் நான்குக்கு மூன்று.