ஆர்.பி.எம்.-ஐ ஹெர்ட்ஸாக மாற்ற ஒரு குறுக்குவழி

மோட்டாரின் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை சுற்று) என்று பார்க்க, கடைசி சைபரை எடுத்துவிட்டு மிச்சத்தை 6-ஆல் வகுங்கள். 1440 என்றால் 144, அதை வகுத்தால் 24 ஹெர்ட்ஸ். திருப்ப வேண்டுமானால் 6-ஆல் பெருக்கி ஒரு சைபர் சேருங்கள். ஒன்று நிமிடக் கணக்கு, இன்னொன்று நொடிக் கணக்கு. வித்தியாசம் வெறும் 60 மடங்குதான். மோட்டார் அதிரும்போது போனில் உள்ள அதிர்வு ஆப் இதே 24-இல் உச்சம் காட்டினால், சுழலும் பாகத்தின் பேலன்ஸை முதலில் சோதிக்கலாம். ரொம்பவே உதவும்.

ஆனால் 50 ஹெர்ட்ஸ் கரண்டை வைத்து 3000 சுற்று என்று முடிவு கட்டாதீர்கள். அது மோட்டாருக்குள் எத்தனை காந்தத் துருவங்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் 1500-க்குச் சற்றுக் கீழேதான் சுற்றும். அப்புறம், பெல்ட் போட்ட மெஷினில் இரண்டு புல்லிகளும் ஒரே அளவாக இல்லையென்றால், மெஷின் பக்கத்து வேகத்தைத் தனியாக அளக்க வேண்டும்.